வீட்டுக்கல்வி இணையக் குழுமங்கள்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் குடும்பங்கள், பாடத்திட்டத்தையும் ஆசிரியரையும் பிள்ளைகளுக்குப் படிப்புத் துணையையும் இணையத்தின் வழியே தேடி ஒன்றுசேரும் அமைப்புகள். அமெரிக்காவில் இவை மிகுதி. பிள்ளையின் ‘கற்றல் பாணி’க்கு ஏற்ற கல்வி கிடைக்கும் என்று பல குழுமங்கள் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. ஆனால் ஒரு குடும்பம் எந்தக் குழுமத்தில் சேர்கிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பெற்றோர் நம்பும் கல்விக் கொள்கைதான். பிள்ளையின் பாணி அதற்குப் பிறகே வருகிறது.

தபால் காலம்

இணையம் இன்று செய்யும் வேலையை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தபால் செய்துவந்தது. இங்கிலாந்தின் கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923), வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடத்திட்டமும் தேர்வுத்தாளும் அஞ்சலில் அனுப்பும் ஏற்பாட்டை 1891இல் தொடங்கினார். அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் கல்வெர்ட் பள்ளி 1906 முதல் அஞ்சல்வழிப் பாடங்களை விற்றது. வெளிநாடுகளில் பணியாற்றிய அமெரிக்கக் குடும்பங்கள் அவற்றை விரும்பி வாங்கின.

இவை இரண்டிலும் பாடம் நிறுவனத்திலிருந்து வீட்டுக்கு வந்தது. வீடுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழியை ஜான் ஹோல்ட் திறந்தார். பள்ளி ஆசிரியராக இருந்து, பிள்ளைகள் எப்படித் தோற்கிறார்கள் என்று 1964இல் நூல் எழுதியவர் அவர். பள்ளிகளைச் சீர்திருத்த முடியும் என்ற நம்பிக்கை தளர்ந்த நிலையில், 1977இல் பாஸ்டனிலிருந்து ‘குரோயிங் வித்அவுட் ஸ்கூலிங்’ என்ற சிற்றிதழைத் தொடங்கினார். இதழின் பெரும்பகுதி பெற்றோர் எழுதிய கடிதங்கள். தொடர்பை விரும்பிய வாசகர்களின் பட்டியலும் அதில் அச்சானது. இன்றைய இணையக் குழுமங்களுக்கு நேரான முன்னோடி என்று எதையாவது சொல்வதானால் அந்தப் பட்டியலைத்தான் சொல்ல வேண்டும். 1985இல் ஹோல்ட் மறைந்த பிறகும் இதழ் 2001 வரை வெளிவந்தது.

இதே காலத்தில் கிறித்தவப் பழமைவாதக் குடும்பங்களும் பெருமளவில் வீட்டுக்கல்விக்கு வந்தன. அவர்களுக்குத் துணைநிற்கும் சட்டப் பாதுகாப்புச் சங்கம் 1983இல் அமைந்தது. 1993 வாக்கில் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டபூர்வமாகிவிட்டது.

குழுமங்களின் வகை

மேசன் வழியைப் பின்பற்றுவோருக்குப் பாடநூல் சுருக்கங்கள் ஆகாது. நல்ல எழுத்தாளர் எழுதிய முழு நூல்களையே கொடுப்பார்கள். பாடவேளை குறுகியது. ஒரு பகுதியை ஒருமுறை மட்டும் வாசித்துக் காட்டி, பிள்ளை அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். செடி, பறவை ஆகியவற்றைப் பார்த்து வரைந்துவைக்கும் இயற்கைக் குறிப்பேடும் உண்டு. மேசன் வாழ்ந்த ஊரின் பெயரைத் தாங்கிய ‘ஆம்பிள்சைடு ஆன்லைன்’ இந்த முறைக்கான முழுப் பாடத்திட்டத்தையும் தன்னார்வலர்களின் உழைப்பில் இலவசமாக அளிக்கிறது. காப்புரிமை முடிந்த பழைய நூல்களை ஏராளமாகப் பயன்படுத்துவதால் செலவு குறைவு. அந்த நூல்களில் பேரரசுக் காலத்து மனப்பான்மை படிந்திருப்பதைப் பெற்றோர்தாம் பார்த்து விலக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

செவ்வியல் வழி இதைவிடக் கூடுதல் கட்டுப்பாடு உடையது. ஆங்கில எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் 1947இல் ஆற்றிய உரையில், இடைக்கால ஐரோப்பாவின் இலக்கணம், தர்க்கம், சொற்கலை என்ற மூன்றையும் பிள்ளையின் வளர்ச்சிப் படிகளோடு பொருத்தினார். ஜெசி வைஸும் அவர் மகள் சூசன் வைஸ் பவரும் 1999இல் வெளியிட்ட ‘தி வெல்-ட்ரெயின்ட் மைண்ட்’ அதை வீட்டுக்கான நடைமுறையாக்கியது. உலக வரலாறு நான்கு ஆண்டுச் சுற்றாக மூன்று முறை வரும். சிறுவயதில் மனப்பாடம், நடுவில் வாதம், இறுதியில் எழுத்தும் பேச்சும்.

ஹோல்ட் வழி வந்த ‘அன்ஸ்கூலிங்’ குடும்பங்களுக்குப் பாடத்திட்டமே கிடையாது. அவர்களது குழுமங்களில் நடப்பது பெரும்பாலும் பெற்றோருக்கிடையிலான பேச்சு. எந்தக் கொள்கையையும் முழுதாக ஏற்காமல் வேண்டியதை வேண்டிய இடத்தில் வாங்குவோர், 2015இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய அவுட்ஸ்கூல் போன்ற சந்தைகளை நாடுகிறார்கள். அங்கே ஆசிரியரே தலைப்பையும் கட்டணத்தையும் வைத்து, சிறு குழுவுக்கு நேரலையில் பாடம் நடத்துவார்.

கற்றல் பாணி என்னும் கருத்து

நியூசிலாந்தில் பள்ளி ஆய்வாளராக இருந்த நீல் ஃபிளெமிங், காலின் மில்ஸுடன் சேர்ந்து 1992இல் கற்றல் பாணியைக் கண்டறியும் ஒரு வினாத்தாளை வெளியிட்டார். பார்த்தல், கேட்டல், படித்து எழுதுதல், செய்துபார்த்தல் என நான்கு நாட்டங்கள் அதில் இருந்தன. பல குழுமங்கள் புதிய உறுப்பினருக்குத் தரும் வினாத்தாள் இதன் வழித்தோன்றலே. ஹோவர்ட் கார்ட்னர் 1983இல் முன்வைத்த பல்வகை அறிவுத்திறன் கோட்பாட்டையும் இதனுடன் கலந்துவிடுவது வழக்கம். தன் கோட்பாடு கற்றல் பாணியைப் பற்றியது அன்று என்று கார்ட்னரே மறுத்திருக்கிறார்.

2004இல் ஃபிராங்க் காஃபீல்டு தலைமையிலான பிரிட்டிஷ் ஆய்வு இத்தகைய 71 பாணி வகைப்பாடுகளைக் கணக்கிட்டது. ஹெரால்டு பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008இல் எளிய ஒரு நிபந்தனை வைத்தனர்: பாணிக்கேற்ற கற்பிப்பு உண்மையில் உதவுமானால், ‘பார்த்துக் கற்பவர்’ படத்தாலும் ‘கேட்டுக் கற்பவர்’ பேச்சாலும் ஒரே தேர்வில் மேலான பலன் காட்ட வேண்டும். இந்த நிபந்தனைப்படி நடத்தப்பட்ட ஆய்வுகளே சொற்பம்; அவற்றிலும் பெரும்பாலானவை கருத்துக்கு எதிராக அமைந்தன. எந்த ஊடகம் ஏற்றது என்பதைப் பாடப்பொருளே சொல்லிவிடுகிறது. வரைபடத்தைக் காதால் கற்க முடியாது, வயலினைக் கேட்காமலும் முடியாது.

பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. முன்னறிவு, வேகம், கவனம் இவை வேறுபடும். டிஸ்லெக்சியா (வாசிப்புக் குறைபாடு) உள்ள பிள்ளைக்கு எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைப் படிப்படியாக, நேரடியாகக் கற்பிக்க வேண்டும். இதற்கென 1930களில் சாமுவேல் ஆர்ட்டனும் அன்னா கில்லிங்ஹாமும் வகுத்த முறையிலிருந்து கிளைத்த பயிற்சிகள் பல உள்ளன. இத்தகைய பிள்ளைகளின் பெற்றோருக்கான குழுமங்கள்தாம் இந்த வரிசையிலேயே பயன்மிக்கவை எனலாம்: எந்தப் பரிசோதனை, எந்தப் பயிற்சியாளர், நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் என்று அனுபவப்பட்டவர்களே சொல்கிறார்கள். வாசிக்கத் திணறும் பிள்ளையை ‘செய்துபார்த்துக் கற்பவன்’ என்று பெயரிட்டு விட்டுவிடுவதில் ஆபத்து உண்டு. பெயர் கிடைத்த நிம்மதியில் பரிசோதனை தள்ளிப்போகும்.

பெருக்கமும் சட்டமும்

பெருந்தொற்றுக் காலம் திருப்புமுனை. பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள அமெரிக்கக் குடும்பங்களில் வீட்டுக்கல்வி முறையில் இருந்தவை 2020 வசந்தத்தில் 5.4 சதவீதம், அக்டோபரில் 11.1 சதவீதம் என்றது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம். இரண்டாம் கணக்கில், பள்ளியே நடத்தும் இணைய வகுப்பைச் சேர்க்க வேண்டாம் என்று கேள்வியைத் தெளிவாக்கியும் இவ்வளவு. கறுப்பினக் குடும்பங்களில் 3.3 சதவீதம் 16.1 ஆனது. அரிசோனா 2022இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்விக் கணக்கைத் திறந்துவிட்டதால், இணைய வகுப்புக் கட்டணத்தை அரசுப் பணத்திலிருந்தே செலுத்த அங்கு வழி ஏற்பட்டது.

குழுமங்களின் உள்வேலையை மாநிலச் சட்டமும் வடிவமைக்கிறது. டெக்சாஸில் குடும்பம் யாருக்கும் அறிக்கை தரத் தேவையில்லை. நியூயார்க்கில் ஆண்டுத் திட்டம், காலாண்டு அறிக்கை, ஆண்டு மதிப்பீடு மூன்றும் வேண்டும். அங்குள்ள பெற்றோரின் உரையாடலில் அறிக்கை எழுதுவது பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஜெர்மனியில் வீட்டுக்கல்விக்கு அனுமதி இல்லை.

இந்தியாவின் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் வீட்டுக்கல்வி பற்றி வெளிப்படையான ஏற்பும் இல்லை, தடையும் இல்லை. வீட்டில் படித்த பிள்ளை சான்றிதழ் பெற, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் பத்தாம் வகுப்புத் தேர்வு பரவலாகக் கைக்கொள்ளப்படும் வழி. அதில் சேரக் குறைந்தது 14 வயது நிறைந்திருக்க வேண்டும்.