எடை குறைந்த மகிழுந்தும் ஏற்ற தணிப்பானும்: ஒரு வரலாற்றுப் பார்வை



சென்ற பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவர் ஒருவர் வீட்டிற்கு வந்திருந்தார். கணிதப் பாடவேளை என்றாலே முகம் வாடிய பிள்ளை அவர். இன்று சொந்தமாக வாகனப் பட்டறை நடத்துகிறார். வாடிக்கையாளர் ஒருவரின் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு, கடையில் கிடைத்தவற்றுள் மிகக் கடினமான 'அப்சார்பர்களை'ப் பார்த்துப் பார்த்துப் பொருத்தினாராம். ஒரு மழைநாளில் மேடுபள்ளமான வளைவு ஒன்றில் அவ்வண்டியின் பின்சக்கரங்கள் துள்ளித் துள்ளி வழுக்கின. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை.

"சார், கெட்டியா இருந்தாத்தானே நல்லது? பந்தய வண்டியில அதைத்தானே போடுறாங்க?" என்று அவர் கேட்டார். அக்கேள்விக்கு விடை வரலாற்றில் இருக்கிறது. அன்று அவரிடம் பேசியதை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். சாலையின் மேட்டில் சக்கரம் ஏறும்போது வரும் அதிர்ச்சியை ஏற்பது சுருள்வில்லே. ஏற்ற ஆற்றலை அது உடனே திருப்பித் தருகிறது. வண்டி மேலும் கீழும் ஆடத் தொடங்குகிறது. ஊஞ்சலைத் தள்ளிவிட்டால் அது தானாக நிற்க நேரமாகிறதல்லவா? அந்த ஆட்டத்தை வெப்பமாக மாற்றி அடக்குவதே நம் பட்டறைகளில் 'அப்சார்பர்' என வழங்கும் கருவியின் வேலை. ஆகவே இக்கட்டுரையில் அதனைத் தணிப்பான் என்றே அழைக்கிறேன்.

தொடக்கக்காலத் தணிப்பான்கள் உராய்வினால் இயங்கின. பிரான்சு நாட்டவரான ட்ருஃபோ உருவாக்கிய அமைப்பை, அமெரிக்கரான எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரப்பினார். இரு கைகளுக்கிடையே வட்டத் தகடுகளை அடுக்கி ஒரு திருகினால் இறுக்குவதே அதன் அமைப்பு. 1922-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஆஸ்டின் 7 என்னும் சிறு வண்டியிலும் இவ்வகையே இருந்தது. இதில் ஒரு குறையுண்டு. நின்றிருக்கும் தகடுகளை நகர்த்தத் தேவைப்படும் விசை, நகர்ந்துகொண்டிருக்கும் தகடுகளுக்குத் தேவைப்படுவதைவிட மிகுதி. கனமான வண்டியின் எடை அத்தடையை எளிதில் வென்றுவிடும். எடை குறைந்த வண்டியிலோ, சிறு மேடுகளில் தகடுகள் பூட்டியதுபோல் நின்றுவிடும். சுருள்வில் இருந்தும் இல்லாததற்குச் சமமாகிவிடும்.

அடுத்து எண்ணெய் வந்தது. எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே தள்ளும்போது, வேகம் கூடக் கூடத் தடையும் கூடும். மெல்ல அசைந்தால் தடை குறையும். பிரான்சு நாட்டு ஊடாய் என்பவரின் பெயர் தாங்கிய நீர்மத் தணிப்பான், 1927-இல் வந்த ஃபோர்டு 'மாடல் ஏ' வண்டியில் இடம்பெற்றது. பிரிட்டனில் நெம்புகோல் வகை நெடுங்காலம் நிலைத்தது. 1958-இல் வெளிவந்த ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட், 1962-இல் வெளிவந்த எம்.ஜி.பி. ஆகியவற்றின் முன்பக்கத்தில், தணிப்பானின் நெம்புகோலே சக்கரத்தைத் தாங்கும் மேற்கையாகவும் பணிபுரிந்தது. ஒரே உறுப்புக்கு இரு வேலை என்பதால் செலவு மிச்சம். ஆனால் உரிமையாளர் வேறு வகைத் தணிப்பானுக்கு மாற விரும்பினால், சக்கரத்தைத் தாங்கும் அமைப்பையே மாற்றியமைக்க வேண்டியிருந்தது.

இவ்விடத்தில்தான் காலின் சாப்மன் வருகிறார். 1928-இல் பிறந்த இவர், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டமைப்புப் பொறியியல் பயின்றவர். 1948-இல் தாம் உருவாக்கிய முதல் வண்டிக்கு ஆஸ்டின் 7-ஐயே அடிப்படையாகக் கொண்டார். 1952-இல் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அக்காலத்து விரைவு மகிழுந்துகள் பலவற்றில் அடிச்சட்டம் நெகிழ்ந்து வளையும். அதை ஈடுகட்டச் சுருள்வில்லைக் கடினமாக்குவார்கள். கட்டமைப்பைக் கற்ற சாப்மன் இதைத் தலைகீழாக்கினார். அடிச்சட்டத்தை உறுதியாக்கினார்; சுருள்வில்லை மென்மையாக்கினார்; ஆட்டத்தை அடக்கும் பொறுப்பைத் தணிப்பானிடம் ஒப்படைத்தார்.

1962-இல் வெளிவந்த லோட்டஸ் எலான் இதற்கு நல்ல சான்று. முதுகெலும்பு போன்ற எஃகுச் சட்டம், அதன்மேல் கண்ணாடி இழை உடல், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனித் தொங்கல் அமைப்பு, குழாய் வடிவத் தணிப்பான்கள் ஆகியன அதில் இருந்தன. மொத்த எடை ஏறத்தாழ 680 கிலோ. மென்மையாக மிதந்து செல்லும் அவ்வண்டி, வளைவுகளில் சாலையை விடாமல் பற்றிக்கொண்டது. 1989-இல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் எம்எக்ஸ்-5 வண்டியை வெளியிட்டபோதும் எலானே அதற்கு முன்னோடியாகப் பேசப்பட்டது.

எடை குறைந்த வண்டிக்குத் தணிப்பான் தேர்வு ஏன் இத்துணை நுட்பமாகிறது? மாணவர்களுக்கும் ஏற்ற எளிய கணக்கு இது. தலா 75 கிலோ எடையுள்ள இருவர் ஏறினால் 150 கிலோ. 1,500 கிலோ வண்டிக்கு இது 10 விழுக்காடு; 680 கிலோ வண்டிக்கோ 22 விழுக்காடு. ஒருவர் ஓட்டும்போதும் இருவர் அமரும்போதும் அது ஏறக்குறைய இரு வேறு வண்டிகளாகிவிடுகிறது. மேலும், ஆடும் வேகம் மாறாதிருக்க, வண்டியின் எடை பாதியானால் சுருள்வில்லின் வலிமையும் பாதியாக வேண்டும்; தணிப்பு விசையும் பாதியாக வேண்டும். கனமான வண்டிக்கென அமைந்த தணிப்பானை எடை குறைந்த வண்டியில் பொருத்தினால், சக்கரம் பள்ளத்திற்குள் இறங்குவதற்குள் வண்டி அதைக் கடந்துவிடும். சாலையைத் தொடாத சக்கரத்திற்குப் பிடிப்பு ஏது? என் மாணவர் கண்டது இதைத்தான்.

குழாய் வடிவத் தணிப்பானுக்கும் ஓர் இடர் இருந்தது. இடைவிடாத ஆட்டத்தில் எண்ணெயும் காற்றும் கலந்து நுரைத்துவிடும். தணிப்பு விசை குன்றும். பிரான்சு நாட்டு அறிஞர் புர்சியே தெ கார்போன் இதற்குத் தீர்வு கண்டார். ஒற்றைக் குழாயில், நகரும் தடுப்பு ஒன்றின் பின்னே உயரழுத்த வாயுவை அடைத்து, எண்ணெயை எப்போதும் அழுத்தத்தில் வைத்தார். ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் தயாரித்த இவ்வகைத் தணிப்பான்களை 1957-இல் மெர்சிடிஸ்-பென்ஸ் தன் வண்டிகளில் பொருத்தியது.

எனினும், இங்கும் எடை குறுக்கிடுகிறது. தண்டின் விட்டம் 11 மில்லிமீட்டர் எனவும், வாயுவின் அழுத்தம் 25 பார் எனவும் கொள்வோம். அவ்வழுத்தம் தண்டை வெளியே தள்ளும் விசை ஏறத்தாழ 24 கிலோ எடைக்குச் சமம். கனமான வண்டி இதைப் பொருட்படுத்தாது. ஒரு சக்கரத்தின்மேல் 170 கிலோ மட்டுமே நிற்கும் வண்டியோ இதனால் சற்று உயர்ந்தே நிற்கும். சுருள்வில்லைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இவ்வரலாற்றில் நம் நாட்டிற்கும் ஓரிடம் உண்டு. 1996-இல் புரோட்டோன் நிறுவனம் லோட்டசின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. 2017-இல் அவை சீனாவின் ஜீலி நிறுவனத்திற்குக் கைமாறின. இடைப்பட்ட ஆண்டுகளில் வந்த சத்ரியா ஜி.டி.ஐ. போன்ற வண்டிகளின் ஓட்டத்தை லோட்டஸ் பொறியாளர்கள் செப்பனிட்டனர். நம்மில் பலர் அதன் பின்புறத்தில் லோட்டசின் பெயர் தாங்கிய சிறு பட்டயத்தைக் கண்டிருப்போம். அப்பட்டயத்தின் பின்னே சாப்மன் பாடுபட்டு வளர்த்த கலை இருந்தது.

என் மாணவரிடம் நான் சொன்னவை இவைதாம். முதலில் ஓட்டுநரையும் எரிபொருளையும் சேர்த்து, நான்கு சக்கரங்களின் எடையையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். அதற்கேற்பச் சுருள்வில்லைத் தேர்ந்தெடுங்கள். தணிப்பான் அதன் பிறகே. மேட்டில் சக்கரம் ஏறும்போது தடை மிகுந்தால் அடி நேரே உடலில் விழும். இறங்கும்போது தடை மிகுந்தால், அடுத்தடுத்த மேடுகளில் சுருள்வில் விரிய நேரமின்றி வண்டி தாழ்ந்துகொண்டே போகும். இரண்டையும் தனித்தனியே எண்ணிப் பாருங்கள்.

அவர் என் மேசையிலிருந்த தாளை எடுத்து, 150-ஐ 680-ஆல் தாமே வகுத்தார். விடையைப் பார்த்துச் சற்று நேரம் பேசாதிருந்தார். "இதை அப்பவே இப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கலாமே, சார்!" என்றார்.

கடினமானதே சிறந்தது என்று நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். கண்டிப்பைப் பற்றிப் பேசும்போது ஆசிரியர்களாகிய நமக்கும் பெற்றோர்களுக்கும்கூட இந்நம்பிக்கை உண்டு. எவ்வளவு தடை வேண்டும் என்பதை முடிவுசெய்யுமுன், அதைத் தாங்கவேண்டியவரின் எடையை அறிதல் நன்று.