டியூட்டி ப்ரீ கடையின் கதை: ஷனனிலிருந்து கட்டுநாயக்க வரை



போன கிழமை தரம் 11 வகுப்பில் பாடத்தை விட்டுக் கதை வேறு பக்கம் போய்விட்டது. ஒரு மாணவனின் உம்மா மூன்று வருடத்துக்குப் பிறகு குவைத்திலிருந்து வந்திருந்தார். கட்டுநாயக்கவில் இறங்கியதும் அங்குள்ள டியூட்டி ப்ரீ கடையில் ஒரு வொஷிங் மெஷின் வாங்கி, வேனில் ஏற்றிக்கொண்டுதான் ஊருக்கு வந்தாராம். அவன் என்னிடம் கேட்டான்: "சேர், டியூட்டி ப்ரீ எண்டா அரசாங்கம் எங்களுக்குச் சும்மா குடுக்குறதா?"

நான் பதில் சொல்வதற்குள் பின் வாங்கிலிருந்து இன்னொருவன் சொன்னான்: "ஓ.எல். எழுதிட்டு நானும் டுபாய் டியூட்டி ப்ரீக்குத்தான் வேலைக்குப் போப்போறன் சேர்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

அன்று அரைவாசிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். பெற்றோரும் வாசிக்கட்டும்.

முதலில் அந்தச் சொல்லின் அர்த்தம். வெளிநாட்டிலிருந்து ஒரு பொருள் நாட்டுக்குள் வந்தால் சுங்கத் தீர்வை கட்ட வேண்டும். ஆனால் அந்தப் பொருள் சுங்கத்தின் காவலிலுள்ள களஞ்சியத்தில் இருந்து, அங்கிருந்து விமான நிலையக் கடைக்குப் போய், நாட்டை விட்டுப் போகும் பயணியின் கையில் சேர்ந்தால், சட்டத்தின் கண்ணில் அது நாட்டுக்குள் வரவே இல்லை. அதனால் தீர்வையும் இல்லை. நாட்டுக்குள் வரும் பயணிக்கு விற்பது வேறு கணக்கு. அது இவ்வளவு பெறுமதிவரை வாங்கலாம் என்று அரசாங்கம் வரையறுத்துக் கொடுக்கும் சலுகை.

இந்த யோசனை முதலில் கடைப்பிடிக்கப்பட்ட விமான நிலையம் நியூயோர்க்கோ லண்டனோ அல்ல. அயர்லாந்தின் மேற்குக் கரையில், வேலை இல்லாமல் இளைஞர்கள் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்த ஒரு வறிய பகுதி. எங்கள் ஊர்களைப் போல வீட்டுக்கொருவர் வெளிநாட்டில் இருந்த நாடுதான் அன்றைய அயர்லாந்து.

1939 தொடக்கம் 1945 வரை, ஷனன் ஆற்றின் முகத்துவாரத்தில் ஃபொயின்ஸ் என்ற சின்னத் துறைமுகத்தில், தண்ணீரில் இறங்கி ஏறும் விமானங்கள் வந்து போயின. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் அத்திலாந்திக்கைத் தாண்டும் விமானங்களுக்கு அதுதான் தங்குமிடம். 1943இல் அங்கு சாப்பாட்டுப் பொறுப்பை ஏற்றவர் பிரெண்டன் ஓ'ரீகன். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. ஹொட்டேல் நடத்துவதை வெளிநாடுகளுக்குப் போய் முறையாகப் படித்து வந்தவர்.

யுத்தம் முடிந்ததும் தரையில் இறங்கும் பெரிய விமானங்கள் வந்தன. ஆற்றின் மறுகரையில் ஷனன் விமான நிலையம் வேலை தொடங்கியது. விமானங்கள் எரிபொருள் நிரப்ப இறங்கும், பயணிகள் ஒரு மணித்தியாலம் இரண்டு மணித்தியாலம் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் அயர்லாந்துக்கு வந்தவர்கள் இல்லை, வழியில் இறங்கியவர்கள். நடுக்கடலில் கப்பலில் வரியில்லாமல் சாமான் விற்பது போல, இந்தப் பயணிகளுக்கும் விற்கலாமே என்றார் ஓ'ரீகன். 1947இல் அயர்லாந்துப் பாராளுமன்றம் ஷனனைச் சுங்கமற்ற விமான நிலையமாக அறிவித்துச் சட்டம் இயற்றியது. உலகின் முதல் டியூட்டி ப்ரீ விமான நிலையக் கடை அப்படித்தான் பிறந்தது.

ஆனால் அவர் கடையைத் திறந்ததோடு நிற்கவில்லை. 1951இல் அதே ஷனனில் ஹொட்டேல் முகாமைத்துவக் கல்லூரி ஒன்றையும் தொடங்கினார். வாடிக்கையாளரை வரவேற்பது, கணக்கு வைப்பது, சாமான் கொள்வனவு செய்வது எல்லாவற்றையும் அந்தப் பகுதிப் பிள்ளைகள் படித்துத் தேற வேண்டும் என்று நினைத்தார்.

அடுத்த சோதனை சீக்கிரமே வந்தது. 1950களின் கடைசியில் ஜெட் விமானங்கள் வந்தன. அவற்றுக்கு ஷனனில் இறங்க வேண்டிய கட்டாயம் இல்லை, தலைக்கு மேலால் பறந்து போகலாம். விமானம் இறங்காவிட்டால் கடைக்கு ஆள் ஏது? ஊர் மறுபடியும் வெறிச்சோடிப் போகும் நிலை. அதற்கு ஓ'ரீகனும் மற்றவர்களும் கண்ட வழி, விமான நிலையத்தின் பக்கத்திலேயே தொழிற்சாலைகளுக்கு ஒரு சுதந்திர வர்த்தக வலயம். அது 1959இல் தொடங்கியது. பிற்காலத்தில் பல நாடுகள் திறந்த வலயங்களுக்கு அது முன்மாதிரி. எங்கள் கட்டுநாயக்க வலயமும் 1978இல் விமான நிலையத்தின் பக்கத்தில்தான் திறக்கப்பட்டது. அதற்குள் வேலை செய்த அக்காமார், தங்கச்சிமார் எங்கள் ஊர்களிலும் இருக்கிறார்கள்.

கடல் தாண்டி இன்னொரு கதையும் நடந்தது. அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் ஹொட்டேல் கல்லூரியில் படித்த சக் ஃபீனி, ரொபர்ட் மில்லர் என்ற இருவர் 1960இல் ஹொங்கொங்கில் டியூட்டி ப்ரீ வியாபாரத்தைத் தொடங்கினார்கள். 1964இல் ஜப்பான் தன் மக்கள் சுற்றுலாவுக்கு வெளிநாடு போவதற்கு இருந்த தடையை நீக்கியது. பயணம் போய் வருபவர் வீட்டாருக்கும் அலுவலகத்தாருக்கும் கட்டாயம் ஏதாவது வாங்கி வர வேண்டும் என்பது ஜப்பானியர் வழக்கம். அந்த வழக்கத்தைப் புரிந்துகொண்டு, ஜப்பானிய மொழி பேசும் விற்பனையாளர்களை வைத்து, அவர்கள் விரும்பும் சாமான்களை அடுக்கினார்கள். அந்தக் கொம்பனி உலகின் மிகப் பெரிய டியூட்டி ப்ரீ வியாபாரமாக வளர்ந்தது.

ஃபீனியைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக முடியாது. 1984இல் அவர் தன் பங்கு முழுவதையும் யாருக்கும் தெரியாமல் ஒரு தர்ம நிதியத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். 1997இல் கொம்பனி கைமாறிய நேரத்தில்தான் அது வெளியே தெரிந்தது. மொத்தம் சுமார் 8 பில்லியன் டொலர். அவர் சொந்தமாக ஒரு வீடுகூட வைத்துக்கொள்ளாமல், வாடகை வீட்டில் வாழ்ந்து, 2023இல் இறந்தார். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதைச் செய்து காட்டியவர் எங்கள் மார்க்கத்தைச் சேர்ந்தவர் இல்லை என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இனி பின் வாங்கு மாணவனின் டுபாய்க்கு வருகிறேன்.

1983இல் டுபாய் அரசாங்கம் தன் விமான நிலையத்தில் டியூட்டி ப்ரீ தொடங்க முடிவு செய்தது. கட்டடமும் பணமும் அவர்களிடம் இருந்தன, கடை நடத்திய அனுபவம் இல்லை. அவர்கள் அழைத்தது ஷனன் விமான நிலையத்தை நடத்திய ஏர் ரியன்டா நிறுவனத்தை. பத்துப் பேர் கொண்ட குழு ஒன்று சில மாத வேலைக்காக வந்தது. 1983 டிசம்பர் 20இல் கடை திறக்கப்பட்டது. முதல் வருட விற்பனை சுமார் 20 மில்லியன் டொலர். குழுவில் வந்த கொல்ம் மெக்லொக்லின் திரும்பிப் போகவில்லை. நாற்பது வருடம் அந்தக் கடையை நடத்தி 2024இல்தான் ஓய்வு பெற்றார். 2023இல் அதன் விற்பனை 2 பில்லியன் டொலருக்கும் மேல். அதே அயர்லாந்து நிறுவனம் 1988இல் மொஸ்கோ விமான நிலையத்திலும் போய்க் கடை திறந்தது.

ஒரு காலத்தில் கூலி வேலைக்கு ஆள் அனுப்பிய நாடு, பிறகு கடை நடத்தத் தெரிந்தவர்களை அனுப்பியது. எங்கள் பிள்ளைகளுக்கு நான் காட்ட விரும்பும் இடம் இதுதான். நாங்கள் நாற்பது வருடத்துக்கும் மேலாக வளைகுடாவுக்கு ஆள் அனுப்புகிறோம். அங்குள்ள விமான நிலையங்களில் பெட்டி தூக்குவதிலும் தரை துடைப்பதிலும் ராக்கையில் சாமான் அடுக்குவதிலும் எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். அது ஹலாலான உழைப்பு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பத்து வருடம் கழித்தும் அதே ராக்கைக்கு முன்னால்தான் நிற்க வேண்டுமா? வியாபாரம் எங்கள் சமூகத்துக்குப் புதிதல்ல, பேருவளையிலும் காலியிலும் கொழும்பிலும் எங்கள் மூத்தவர்கள் கடல் கடந்த வியாபாரம் செய்தவர்கள். அன்று அதை மகன் வாப்பாவின் கடையில் நின்று படித்தான். இன்று அந்தப் படிப்பு கல்லூரியில் கிடைக்கிறது.

இப்போது முதல் மாணவனின் கேள்வி. டியூட்டி ப்ரீயில் சும்மா கிடைப்பது எதுவும் இல்லை. தீர்வை இல்லாவிட்டாலும் வாடகை இருக்கிறது. விமான நிலையத்தில் கடை போட நிறுவனங்கள் கேள்வி மனுப் போட்டிக்குப் போகின்றன. விற்பனையில் இத்தனை வீதம், அல்லது விற்றாலும் விற்காவிட்டாலும் வருடத்துக்குக் குறைந்தது இவ்வளவு என்று விமான நிலையத்துக்குக் கட்டுகின்றன. அந்தப் பணமும் சாமானின் விலைக்குள்தான் வரும். சாராயம், சிகரட், வாசனைத் திரவியம் போன்ற தீர்வை கூடிய பொருட்களில் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். அவற்றில் முதலிரண்டு எங்களுக்குத் தேவையே இல்லை. மற்றச் சாமான்களில் சில நேரம் இலாபம், சில நேரம் வெளியில் விற்கும் விலைதான்.

கடையின் அமைப்பிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பல விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனை முடிந்தவுடன் கடைக்குள்ளால்தான் நடந்து போக வேண்டும். சோதனை முடிந்த நிம்மதி, கையில் நேரம், வீட்டாரின் நினைவு மூன்றும் சேரும்போது மனிதன் விலை பார்க்க மாட்டான். வருஷக்கணக்கில் பிள்ளைகளைக் காணாமல் வந்து இறங்கும் ஒரு உம்மாவின் மனம் அந்த நேரம் எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்?

ஆகவே வெளிநாட்டிலிருந்து வரப்போகும் உறவுகளுக்கு ஒரு வார்த்தை. வருவதற்கு முன்பே வீட்டாரிடம் சொல்லி, ஊரிலோ கொழும்பிலோ அதே மெஷின் என்ன விலை, எத்தனை வருட உத்தரவாதம் என்று கேட்டு வையுங்கள். வேன் கூலியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். உங்கள் சலுகை எவ்வளவு என்பதைச் சுங்கத்தின் அறிவித்தலில் பாருங்கள், அது மாறிக்கொண்டிருக்கும். இலாபம் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஓ.எல். முடித்த பிள்ளை டுபாய் போகத்தான் வேண்டும் என்றால், போவதற்கு முன் ஒரு வருடம் கொடுங்கள். ஹொட்டேல் துறை, விற்பனை, களஞ்சிய முகாமைத்துவம், கணக்கியல் இவற்றில் ஏதாவது ஒன்றில் என்.வி.கியூ. சான்றிதழோடு போகட்டும். ஆங்கிலம் பேசப் பழகிப் போகட்டும். ஒரு வருடச் சம்பளம் பிந்தும்தான். ஆனால் அவன் ராக்கை அடுக்குபவனாகப் போய் அந்தப் பகுதியின் பொறுப்பாளராக வர, அந்த ஒரு வருடம் உதவும்.

பின் வாங்கு மாணவனிடம் நாளை இதைத்தான் சொல்லப் போகிறேன். "போ மகன், ஆனா கடை நடத்தப் படிச்சுக்கொண்டு போ."

அல்லாஹ் எங்கள் பிள்ளைகளின் உழைப்பில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.