வியங்கோள் வினைமுற்று

வியங்கோள் வினைமுற்று என்பது தமிழ் இலக்கணத்தில் வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் ஆகிய பொருள்களில் வரும் வினைமுற்று ஆகும். வாழ்க, ஒழிக, அருள்க, செய்க என்பன முறையே இவற்றுக்கு எடுத்துக்காட்டுகள். 1965 ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் எழுந்த "தமிழ் வாழ்க, இந்தி ஒழிக" என்னும் முழக்கத்தில் வாழ்த்தலும் வைதலும் அடுத்தடுத்து வந்துள்ளன. மாணவர்கள் பெரிதும் இதைச் சந்திப்பது வினாத்தாளில்தான் (விடை தருக, விளக்குக).

அமைப்பு

க, இய, இயர் என்பன இதன் முதன்மையான விகுதிகள் (வாழ்க, வாழிய, வாழியர்). வாழிய என்பது இறுதி யகரம் கெட்டு வாழி எனவும் வரும். எதிர்மறையில் செய்யற்க, மறவற்க என அமையும். படி, நட போன்ற வினைகளில் வியங்கோளும் வினையெச்சமும் வடிவில் வேறுபடுவதில்லை. "படிக்க வந்தான்" என்பதில் படிக்க என்பது எச்சம். "இந்நூலைப் படிக்க" எனத் தொடர் முடிந்தால் அது வியங்கோள். செய், பாடு போன்றவற்றில் இம்மயக்கம் இல்லை (செய்ய - செய்க, பாட - பாடுக).

இடமும் பாலும்

வியங்கோள் தன்மையிலும் முன்னிலையிலும் மன்னாது என்கிறது தொல்காப்பியம். 'மன்னாது' என்பதற்குப் பெரும்பான்மை வாராது எனப் பொருள் கொண்டு, சிறுபான்மை வருவதை உரையாசிரியர்கள் ஏற்றனர். 13 ஆம் நூற்றாண்டு நன்னூலோ மூவிடத்துக்கும் ஐம்பாலுக்கும் உரியது என்று விதித்தது. யான் வாழ்க, நீ வாழ்க, அவை வாழ்க என எங்கும் ஒரே வடிவம்.

எசுப்பானியத்துடன் ஒப்பீடு

எசுப்பானிய மொழியின் நிகழ்கால விருப்பவினை பொருளில் இதற்கு அண்மையது. ஒழுங்கு வினைகளில் 'அர்' ஈற்றுச் சொற்கள் எகரமும், 'எர்', 'இர்' ஈற்றுச் சொற்கள் அகரமும் ஏற்கும். அதாவது வழக்கமான உயிர் இடம் மாறுகிறது. வாழ்தலைக் குறிக்கும் 'விவிர்' ஒருமையில் 'விவா' (வாழ்க) என்றும் பன்மைப் படர்க்கையில் 'விவான்' என்றும் திரியும். தமிழில் இத்திரிபு இல்லை. "அவன் பேச வேண்டும் என விரும்புகிறேன்" போன்ற தொடர்களிலும் எசுப்பானியம் விருப்பவினையையே ஆளும். அங்குத் தமிழ் எச்சத்தைக் கொள்ளும்.

காஞ்சிபுரத்தில்

வைணவக் கோயில்களில் பாசுரம் ஓதி முடித்தபின் ஆசாரியர்களை "வாழியே" என வாழ்த்தும் பகுதி வாழித் திருநாமம் எனப்படும். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் தென்கலையார் மணவாள மாமுனிகளையும், வடகலையார் அவ்வூர்த் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகரையும் வாழ்த்துவர். கோயிலில் எவர் வாழ்த்து ஒலிக்க வேண்டும் என்பது, ஓதலின் தொடக்கத்தில் சொல்லும் தனியன் பற்றிய பூசலோடு சேர்ந்து, தலைமுறைகளாக நீதிமன்றங்களில் வழக்காடப்பட்டு வந்துள்ளது.