இணைய விதிகளில் மக்கள் கருத்து: சட்டம் சொல்வது என்ன?

அந்தமான் தலைநகர் ஸ்ரீ விஜயபுரத்தின் (போர்ட் பிளேர்) பத்துபஸ்தி உள்ளிட்ட பகுதிகள் 2020 வரை இணையத்துக்குச் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. கடலடி கண்ணாடி இழை வடம் அமைக்க இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2014 ஜூலையில் பரிந்துரைத்தது. சென்னையிலிருந்து தீவுகளுக்குச் சுமார் 2,300 கி.மீ. நீளத்துக்குப் பதிக்கப்பட்ட வடம், 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது.

டிராய் தனது பணிகளில் வெளிப்படைத்தன்மையை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது 1997ஆம் ஆண்டு டிராய் சட்டத்தின் 11(4) பிரிவு. அதன்படி முதலில் ஆலோசனை அறிக்கை வெளியிடப்படும். பின்னர் எழுத்துபூர்வக் கருத்துகளும் அவற்றுக்கான மறுகருத்துகளும் பெறப்படும். திறந்த விவாத அமர்வும் நடைபெறும்.

இணையச் சமநிலை தொடர்பாக 2015இல் டிராய்க்கு 10 லட்சத்துக்கும் அதிகமான மின்னஞ்சல்கள் குவிந்தன. தனியே கட்டணப் பாகுபாடு குறித்தும் கருத்துக் கேட்கப்பட்டு, 2016 பிப்ரவரி 8 அன்று அதற்குத் தடை விதிக்கப்பட்டது. மீறும் நிறுவனங்களுக்கு நாளொன்றுக்கு ரூ.50,000, அதிகபட்சம் ரூ.50 லட்சம் அபராதம் நிர்ணயிக்கப்பட்டது.

கருத்துக் கேட்பதோடு கடமை முடிவதில்லை. அழைப்புத் துண்டிப்புக்கு இழப்பீடு வழங்கும் விதியை 2016 மே 11 அன்று ரத்து செய்த உச்ச நீதிமன்றம், நிறுவனங்கள் எழுப்பிய வாதங்களுக்கு டிராய் உரிய காரணங்களுடன் பதிலளிக்கவில்லை எனச் சுட்டிக்காட்டியது. நுகர்வோருக்குச் சாதகமான விதியும் அதனால் நிலைக்கவில்லை.

டிராயின் ஆலோசனை அறிக்கைகளுக்குப் பத்துபஸ்திவாசிகளும் மின்னஞ்சலில் கருத்து அனுப்பலாம்.