தோட்டப் பள்ளிகள்: செப்பனிடுவதா, புதிதாய்க் கட்டுவதா?

கிள்ளானிலிருந்து வடக்கே காப்பாரை நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. பின்னாளில் அவற்றுட் பல செம்பனைத் தோட்டங்களாயின. சில தொழிற்பேட்டைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. பெரிய தோட்டங்களில் லயங்களை ஒட்டித் தமிழ்ப்பள்ளியும் இருந்தது. அப்பள்ளிகளின் கூரை ஒழுகியபோதும், பலகைச் சுவரைக் கரையான் அரித்தபோதும் எழுந்த வினா ஒன்றே: இருப்பதைச் செப்பனிடுவதா, இடித்துவிட்டுப் புதிதாய்க் கட்டுவதா? கட்டடத்தின் நிலையை நோக்கி இவ்வினாவுக்கு விடை கண்டவர் குறைவு. பெரும்பாலும் விடையை வகுத்தது நிலப்பட்டாவே.

இந்நிலைக்கு வித்திட்டது பள்ளிகளைத் தோற்றுவித்த சட்டமேயாகும். கூட்டு மலாய் நாடுகளின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்கும் கடமையை நிருவாகத்தின்மீது சுமத்தியது. 1923ஆம் ஆண்டுச் சட்டமும் அதனை வலியுறுத்திற்று. ஆயினும், சட்டத்தின் வாயை அடைப்பதற்கென்றே எழுந்த பள்ளிகள் பல. அத்தாப்புக் கூரை வேய்ந்த கொட்டகை ஒன்று. காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் பதிந்த கிராணியோ கங்காணியோ பின்னர் ஆசிரியர். அக்கறையோடு பள்ளி நடத்திய துரைமார் சிலரும் இருந்தனர். அவர்களை மறைத்தல் நியாயமன்று. எனினும், அவர்கள் கட்டிய நல்ல கட்டடமும் தோட்டத்தின் உடைமையாகவே இருந்தது.

தொழிலாளர்கள் இக்குறையை உணராதவர்களல்லர். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் மூண்ட வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வு மட்டுமே கேட்கப்படவில்லை. துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் இழிவு ஒழிய வேண்டும், கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும் என்ற கோரிக்கைகளுடன், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் ஒன்றாய் நின்றது. நாதன் நாடு கடத்தப்பட்டார். போராட்டம் படைவலியால் ஒடுக்கப்பட்டது.

நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றது. தனியார் நிலத்தில் நின்ற பள்ளியோ பகுதி உதவிப் பள்ளியாகவே தொடர்ந்தது. அரசாங்கம் பிறர் நிலத்தில் நிலையான கட்டடம் எழுப்பத் தயங்கியது. தோட்டத்தை விற்கும் எண்ணத்திலிருந்த கம்பெனிக்கோ பள்ளிக்காகப் பணம் செலவிட மனமில்லை. ஐம்பதுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்ட வேகத்தை உங்கு அஜீஸின் ஆய்வு விரிவாகக் காட்டுகிறது. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டங்களை வாங்க முற்பட்டதும் இச்சூழலில்தான். துண்டாடலும், வேலை தேடிப் பட்டணம் பெயர்ந்த குடும்பங்களும் சேர்ந்து பள்ளிகளைக் கரைத்தன. எண்ணிக்கை நாளடைவில் 520க்குச் சற்று மேலான அளவில் வந்து நின்றது.

இடைப்பட்ட காலத்தில் பள்ளிகளைத் தாங்கியது செப்பனிடும் பணியே. பெற்றோர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, ஓட்டைத் தகரத்தை மாற்றினர், சாயம் பூசினர், வடிகால் வெட்டினர். அவ்வுழைப்பின்றிப் பல பள்ளிகள் முன்னரே மூடப்பட்டிருக்கும். ஆனால், ஒவ்வொரு பழுதுபார்ப்பும் நிலப் பேச்சு தள்ளிப்போவதற்கு வசதியாகவும் அமைந்தது. கூரை ஒழுகாத பள்ளிக்கு நிலம் கேட்பவர் யார்?

புதிய கட்டடத்தை நாடியோர்க்கும் எளிய வழி இல்லை. நிலம் கிடைத்த இடம் பெரும்பாலும் வேறோர் ஊர். பள்ளியின் உரிமத்தை அங்கு மாற்றினால் பள்ளி பிழைக்கும். தோட்டத்தில் எஞ்சிய பிள்ளைகளோ அதுவரை நடந்து சென்ற பள்ளிக்குப் பேருந்தில் செல்ல வேண்டும். மாணவர் இருபது பேராய்க் குறைந்த தோட்டத்தில், இடமாற்றத்தை எதிர்த்தவரும் ஆதரித்தவரும் ஒரே லயத்தில் குடியிருந்தனர் என்பதை மறத்தலாகாது. 2008ஆம் ஆண்டுக்குப்பின் அரசு ஒதுக்கீடுகள் பெருகின. ஆயினும், எங்கே கட்டுவது என்ற கேள்வியே முதலில் வந்து நின்றது.

இன்று பண்டார் உத்தாமாவில் உள்ள பள்ளி எஃபிங்ஹாம் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்றே வழங்குகிறது. கோலாலம்பூர் மாநகருக்குள் நிற்கும் புக்கிட் ஜாலில் பள்ளியின் பெயரிலும் தோட்டம் உண்டு. பால்மரம் வெட்டுவதைக் கண்டிராத பிள்ளைகள் அப்பெயர்களைத் தங்கள் சட்டைச் சின்னத்தில் அணிந்து செல்கின்றனர்.