முதனூல் மறைந்த மொழிபெயர்ப்புகள்

வழிநூலின் வகை நான்கெனத் தொல்காப்பியனார் மரபியலில் வகுத்தவற்றுள் மொழிபெயர்ப்பும் ஒன்று. முதனூல் கையிலுள்ளவரை மொழிபெயர்ப்பை அதனோடு ஒத்துநோக்கி உண்மை காணலாம். முதனூல் மறைந்துழி யாது செய்வது? இவ்வினா நம் சிவஞானபோதத்தைப் பற்றியும் எழுந்துள்ளதாகலின், இதனையொத்த இடர்ப்பாட்டிற் கிறித்தவ நூலாராய்ச்சியாளர் சென்ற நெறியை முன்னர் அறிதல் நலம்.

அலெக்சாந்திரியா நகரத்து ஒரிகன் கி. பி. 3-ஆம் நூற்றாண்டினர். பவுல் உரோமையர்க்கு வரைந்த நிருபத்திற்கு அவர் கிரேக்க மொழியில் 15 பகுதிகளாக விரிவுரை செய்தார். 553-இற் கான்ஸ்தாந்திநோபிள் சங்கம் அவரைக் கண்டித்தது. அவர்தங் கிரேக்க நூல்களிற் பெரும்பாலன அழிந்தொழிந்தன. அவ்வுரை முழுமைக்கும் நமக்கு எஞ்சியது, 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரூபீனுஸ் என்பார் இலத்தீனிற் பெயர்த்த 10 பகுதிகளே. பாதியளவாகச் சுருக்குமாறு தம்மை வேண்டினர் என்று முகவுரையில் அவரே கூறுகின்றார். ஒரிகனது வேறொரு நூலைப் பெயர்த்தவிடத்து, வழுவெனத் தோன்றியவற்றைத் திருத்தியும் விடுத்தும் சென்றதாக உடன்பட்டவரும் அவரே. அதன்பொருட்டு ஜெரோம் அவரை வன்மையாகக் கடிந்தார். இத்தகையார் கைப்பட்ட உரையில் ஒரிகன் சொல் எது, ரூபீனுஸ் சொல் எது?

1941-இல் எகிப்து நாட்டுத் தூரா என்னும் ஊர்க் கல்வெட்டுக் குழிகளிற் பாப்பிரசு ஏடுகள் வெளிப்பட்டன. அவற்றுள் அவ்வுரையின் 5, 6-ஆம் பகுதிகளினின்றும் எடுத்தெழுதிய கிரேக்க வாக்கியங்கள் இருந்தன, 1957-இல் அச்சேறின. ஒத்துநோக்கிய அறிஞர் பலர், ரூபீனுஸ் சொல்லைச் சுருக்கினாரேனும் பொருளைப் பெரும்பாலும் காத்தனர் என்று துணிந்தனர். 2012-இல் மூனிக் நகர நூலகத்தில், ஆசிரியர் பெயர் குறியாத பழஞ்சுவடியொன்று ஒரிகனது சங்கீதச் சொற்பொழிவுகள் 29 கொண்டதென்று அறியப்பட்டது. அவற்றுள் நான்கிற்கு ரூபீனுஸின் இலத்தீன் முன்னரே உண்டு. சுவடி நூலகத்திலேயே இருந்தது, பார்ப்பாரே இலர்!

இனி, நம் நூல். மெய்கண்டதேவர் அருளிய சூத்திரம் 12. வடமொழிச் சுலோகமும் 12. இவை இரௌரவாகமத்துப் பாசவிமோசனப் படலத்தன என்பதும், தமிழ் அவற்றின் மொழிபெயர்ப்பு என்பதும் மாபாடியம் செய்த சிவஞான முனிவர் கொள்கை. அவர்க்கு முன்னரே, 16-ஆம் நூற்றாண்டிற் சிவாக்கிரயோகிகள் அச்சுலோகங்கட்கு வடமொழியிற் பாடியம் இயற்றினர். தமிழே முதலென்றும், சுலோகங்களே பெயர்ப்பென்றும் வாதிப்பாரும் உளர். புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தின்வழி என். ஆர். பட் அவர்கள் 1961 முதல் மூன்று பகுதிகளாகப் பதிப்பித்த இரௌரவத்தில் அச்சுலோகங்கள் இல்லை. இதுகொண்டு மரபுரை பொய்யென்று ஆர்ப்பரித்தல் தகாது. ஆகமங்கள் பலவும் முற்றக் கிடைத்தில. மரபுரையொன்றே போதும் என்று வாளாவிருத்தலும் தகாது.

சிறப்புப்பாயிரமோ, நந்தி அளித்த போதத்தை மெய்கண்டார் ‘உரைத்தார்’ என்கின்றது, ‘பெயர்த்தார்’ என்கின்றிலது. அச்சொல்லை இருசாராரும் தத்தம் துணிவிற்கே இழுக்கின்றனர். எமக்கு அஃது எப்பக்கத்தும் முடிந்த சான்றாகத் தோன்றவில்லை. மற்று, மேற்கோளும் ஏதுவுமாகச் செல்லும் வார்த்திகமும் உதாரண வெண்பாக்களும் மெய்கண்டார் செய்தனவே என்பதிற் சிவஞான முனிவர்க்கும் ஐயமில்லை. ரூபீனுஸிடத்துப்போல இவர் சொல் எது, முன்னோர் சொல் எது என்று மயங்குதற்கு அங்கே இடமில்லை. வழக்கு நிற்பது சூத்திரங்களின்மேல் மட்டுமே.

அவ்வழக்கைத் தீர்க்கவல்லது ஏடு. சவ்வாது மலைச்சாரலிலும் பிறவிடங்களிலும் குருக்கள்மார் இல்லங்களிற் கிரந்தச் சுவடி வைத்திருப்போர், பெயரற்ற கட்டென்று ஒதுக்காது, படல முடிவுகளிற் பாசவிமோசனம் என்னும் பெயர் உளதா என்று நோக்கி இப்பத்திரிகைக்கு எழுதுவாராக.