வேலூரின் வால்வு நோயாளிகளும் தாளம் காக்கும் மருந்தும்

இதய அறுவை முடிந்த இரண்டு, மூன்று நாளில் மேலறைகள் தாளம் தப்பித் துடிப்பது உலகெங்கும் உள்ள தொல்லை. பைபாஸ் செய்துகொண்டவர்களில் 100க்கு 20 முதல் 40 பேர் வரை இதற்கு ஆளாகிறார்கள். இதைத் தடுக்கும் மருந்துகளின் வரலாற்றை 1960களின் பீட்டா பிளாக்கரான புரோப்ரனலாலில் தொடங்கி அமியோடரோனில் முடிப்பது வழக்கம். வேலூரிலிருந்து பார்த்தால் அது பென்சிலினில் தொடங்க வேண்டும் என்பேன்.

1940களின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் ரீவ் பெட்ஸ் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) நெஞ்சறுவைத் துறையை உருவாக்கினார். அங்கே இதய அறுவைக்கு வந்தவர்களில் பெருந்திரளானோர் சிறு வயதில் தொண்டைப்புண்ணும் ருமாட்டிக் காய்ச்சலும் கண்டு, ஈரிதழ் வால்வு சுருங்கிப்போன இளவயதினர். நெருக்கமான வீடுகளில் பரவும் நோய் அது. ஆம்பூர், வாணியம்பாடி போன்ற தோல் பதனிடும் ஊர்களின் தொழிலாளர் தெருக்களுக்கு அந்த நெருக்கம் புதிதல்ல. இதயத்தை நிறுத்தாமலே, இடது மேலறையின் காது போன்ற நீட்சி வழியாக விரலை நுழைத்து, ஒட்டிய இதழ்களைப் பிரித்துவிட்டார்கள். இப்படி அறுவை செய்த 3,724 பேரின் விளைவுகளை ஸ்டான்லி ஜானும் குழுவினரும் 1983இல் ‘சர்குலேஷன்’ இதழில் வெளியிட்டார்கள். ஒரே மருத்துவமனையிலிருந்து அத்தனை பேர் என்பது இன்றும் வியக்க வைக்கிறது. ஆனால் சுருங்கிய வால்வுக்குப் பின்னே ரத்தம் தேங்கி, மேலறை ஆண்டுக்கணக்கில் விரிந்து தழும்பேறி, தாளம் தப்ப ஏதுவாகியிருக்கும். அறுவை வால்வைத் திறக்கும், தழும்பை அழிக்காது. அறுவைக்கு ஒரு வாரம் முன்பு தொடங்கும் அமியோடரோன் மாத்திரையும் அதை அழிக்காது. மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டு, காய்ச்சல் திரும்பாமல் பார்த்துக்கொள்வதே அந்தத் தழும்பைத் தடுக்கும் வழி.

அமியோடரோன் வால்வு நோயாளிகளுக்கும் பலித்ததே என்று கேட்கலாம். உண்மைதான். 2005இல் வெளியான கனடா ஆய்வில், 601 பேரில் மருந்து பெறாதவர்களிடம் 29.5 சதவீதமாக இருந்த தாளக்கேடு, பெற்றவர்களிடம் 16.1 சதவீதமாக இருந்தது. வால்வு அறுவைக்காரர்களும் அதில் இருந்தார்கள். பைபாஸுக்கு வரும் இன்றைய வேலூர் நோயாளிக்கு அந்தச் சான்று பொருந்தும், பீட்டா பிளாக்கரை நிறுத்தாமல் தொடர்வதும் பொருந்தும். ஆனால் கனடாவின் வால்வுகள் பெரும்பாலும் மூப்பினால் தேய்ந்தவை. ருமாட்டிக் இதயம் வேறு வழியில் நடக்கும் என்பதை, டெல்லி எய்ம்ஸின் கணேசன் கார்த்திகேயன் தலைமையில் 24 நாடுகளில் 4,531 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. வால்வு நோயற்ற தாளக்கேட்டில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் பழைய வார்ஃபரினுக்கு மாற்றாக மேற்கில் நிலைபெற்ற ரிவரோக்ஸபான், ருமாட்டிக் நோயாளிகளிடம் பின்தங்கியது. பழைய வகை மருந்தை எடுத்தவர்களே குறைவாக இறந்தார்கள்.